பேய் வீட்டுக்கு யார் தவணை கட்டுவது?

1979இல் வந்த 'தி அமிட்டிவில் ஹாரர்' படத்தைத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் திரையரங்கில் பார்த்தபோது, பின்வரிசையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு வீடு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரழிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்மணி பேயைப் பார்த்து அலறவில்லை. இதையெல்லாம் சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்று புலம்பிக்கொண்டே இருந்தாராம். திகில் கதைகளைப் பற்றி 1981இல் வெளியிட்ட கட்டுரை நூலில் இதைச் சொல்லும் கிங், அந்தப் படமே பணக்கவலையைப் பற்றியதுதான் என்கிறார்.

சரியாகத்தான் சொல்கிறார். சக்திக்கு மீறி வீடு வாங்கிய குடும்பம் அது. கல்யாணச் செலவுக்கு வைத்திருந்த ரொக்கம் மாயமாகிற காட்சி, ரத்தம் வழிகிற காட்சியைவிட வயிற்றைப் பிசைகிறது. பேய்ப் படங்களைக் கிண்டல் செய்பவர்கள் வழக்கமாக ஒன்று கேட்பார்கள்: "பேய் இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே?" எங்கே போவது? இருந்த சேமிப்பெல்லாம் அந்தச் சுவருக்குள் போய்விட்டது. பேய் எப்போதாவதுதான் வரும், தவணை மாதாமாதம் வந்துவிடும்.

திகில் படங்களை இப்படி வரவுசெலவுக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தால் பல படங்கள் வேறு மாதிரி தெரியும். வீடு யார் பெயரில் இருக்கிறது, அதில் வேலை செய்வது யார், யாருக்கு யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், பேய் எங்கிருந்து வருகிறது என்பது பாதிப் படத்திலேயே பிடிபட்டுவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பயம் எந்தப் பக்கம் பாய்கிறது? கீழே இருப்பவர்கள் எழுந்து வந்துவிடுவார்களோ என்று மேலே இருப்பவர்கள் பயப்படுகிறார்களா, இல்லை மேலே இருப்பவர்கள் நம் ரத்தத்தை உறிஞ்சிவிடுவார்களோ என்று கீழே இருப்பவர்கள் பயப்படுகிறார்களா? ஒரே பூதத்தை வைத்து இரண்டு கதையையும் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறார்கள்.

ஜாம்பியையே எடுத்துக்கொள்வோம். இன்று ஜாம்பி என்றால் கும்பலாக வந்து கடிக்கும் பிணம். கரீபியன் தீவு நாடான ஹெய்தியில் பிறந்தபோது அதற்கு மனிதக் கறியில் ஆசையே கிடையாது. அது வேலை செய்யும் பிணம். பிரெஞ்சு ஆட்சியில் அந்த மண் கரும்புத் தோட்டங்களால் நிறைந்திருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் அங்கே உழைத்தே செத்தார்கள். செத்தால் ஆன்மா தாய்மண்ணுக்குத் திரும்பிவிடும் என்பது அவர்களுக்கிருந்த ஒரே ஆறுதல். அந்த ஆறுதலும் பறிபோனால், செத்த பிறகும் எழுப்பி வயலில் இறக்கிவிட்டால் என்ன செய்வது? ஜாம்பி என்பது அந்தப் பயம். 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், 1804இல் நாடு விடுதலை பெற்றது, ஆனால் பயம் போகவில்லை. 1915இல் அமெரிக்கப் படை வந்து இறங்கி 1934 வரை இருந்தது. சாலை போடுவதற்கென்று மக்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துப்போனது. வில்லியம் சீப்ரூக் 1929இல் வெளியிட்ட 'தி மேஜிக் ஐலண்ட்' பயண நூலில் வரும் ஜாம்பிகள் ஓர் அமெரிக்கச் சர்க்கரை நிறுவனத்தின் வயலில்தான் வேலை செய்கின்றன.

மூன்று வருடம் கழித்து, 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்தில் ஒரு காட்சி. ஆலை முதலாளியாக நடிக்கும் பெலா லுகோசி தன் விருந்தாளியைக் கரும்பாலைக்குள் அழைத்து வருகிறார். வசனம் கிடையாது, இசையும் கிடையாது. பெரிய எந்திரம் ஒன்று கிரீச் கிரீச்சென்று முனகுகிற சத்தம் மட்டும். ஆட்கள் வெறித்த கண்ணோடு அதைச் சுற்றிச் சுற்றித் தள்ளுகிறார்கள். மேலே தலையில் கூடையோடு ஒரு வரிசை நகர்கிறது. அதில் ஒருவர் தடுமாறி அரைக்கும் எந்திரத்துக்குள் விழுகிறார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எந்திரமும் நிற்கவில்லை. இப்படிப்பட்ட ஆட்களை உங்கள் தோட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் லுகோசி. விசுவாசமாக உழைப்பார்களாம், வேலை நேரம் நீள்கிறதே என்று கவலைப்பட மாட்டார்களாம். 90 ஆண்டுக்கு முந்தைய இந்த வசனத்தைக் கொஞ்சம் மெருகேற்றி இன்றைய நிறுவன அறிக்கை ஒன்றில் செருகினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆனால் படத்துக்கு அந்த ஆட்களைப் பற்றி அக்கறை இல்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஜாம்பியாகிவிடுகிறாளே, அவளை மீட்க வேண்டுமே என்பதுதான் அதன் கவலை. ஆலையில் அரைபட்டவர் யார் என்று கடைசி வரை ஒருவரும் கேட்பதில்லை. அடிமையின் பயமாகப் பிறந்தது, கடல் தாண்டி வந்ததும் முதலாளி வீட்டுப் பயமாக மாறிவிட்டது. வர்க்கத்தைத் தொடும் திகில் படங்கள் பலவற்றுக்கு நேர்வது இதுதான். கதையின் எரிபொருள் ஒருவருடையது, வண்டியில் உட்கார்ந்து போவது வேறொருவர்.

ரத்தக்காட்டேரியின் கதை அவ்வளவு சுற்றி வளைத்ததில்லை. இலக்கியத்தில் அது முதலிலிருந்தே கோட்டும் பட்டமும் போட்ட பிரபு. செத்த உழைப்பான மூலதனம் உயிருள்ள உழைப்பை உறிஞ்சித்தான் வாழ்கிறது, ரத்தக்காட்டேரியைப் போல, என்று மார்க்ஸ் 1867இலேயே 'மூலதனம்' நூலில் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்த உவமையில் சேர்க்க அதிகமில்லை.

ஜாம்பியைக் கூலியாளிலிருந்து நுகர்வோராக மாற்றியவர் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ. 1978இன் 'டான் ஆஃப் தி டெட்' படத்தைப் பென்சில்வேனியாவில் மன்ரோவில் என்ற ஊரின் மாலில், கடைகள் மூடிய பிறகு இரவிரவாக எடுத்தார்கள். பிணங்கள் ஏன் இங்கே வந்து குவிகின்றன என்று ஒருத்தி கேட்கிறாள். பழைய ஞாபகம்தான், இவர்கள் வாழ்க்கையில் இது முக்கியமான இடமாக இருந்தது என்று பதில் வருகிறது. படத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பிற்பாதி. உயிர்பிழைத்த நான்கு பேர் அந்த வணிக வளாகத்தைக் கைப்பற்றி உள்ளே குடியேறுகிறார்கள். வேண்டிய துணி, வேண்டிய சாப்பாடு, எல்லாம் இலவசம். வெளியே உலகம் அழிந்துகொண்டிருக்கிறது, உள்ளே சலிப்பு. அப்புறம் ஒரு மோட்டார் சைக்கிள் கும்பல் கொள்ளையடிக்க வருகிறது. ஒளிந்துகொண்டிருந்தால் கும்பல் வேண்டியதை அள்ளிக்கொண்டு போய்விடும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நால்வரில் ஒருவனால் பொறுக்க முடியவில்லை. இது நம்முடையது, நாம் எடுத்தது என்று சொல்லித் துப்பாக்கியைத் தூக்குகிறான். அதோடு எல்லாம் கெட்டது. திருடி வந்த பொருள் சில மாதத்தில் சொத்தாகிவிட்டது! கடைக்குள் தடுமாறித் திரியும் பிணங்களைப் பார்த்துச் சிரித்த நாம், அவன் அதைச் சொல்லும்போது சிரிப்பதில்லை. அவன் பக்கம்தானே இவ்வளவு நேரமும் இருந்தோம்?

பகடி என்று நான் சொல்வது இதைத்தான். அடுத்தவரைக் காட்டிச் சிரிக்க வைப்பது சுலபம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நம் காலடியை உருவ வேண்டும்.

2005இல் 'லேண்ட் ஆஃப் தி டெட்' படத்தில் ரொமேரோ இன்னும் பச்சையாகவே பேசினார். பணக்காரர்களுக்கு வானளாவிய கோபுரம், ஏழைகளுக்குக் கீழே தெரு, வேலிக்கு வெளியே பிணங்கள். வாணவேடிக்கை விட்டால் பிணங்கள் வானத்தைப் பார்த்து வாய்பிளந்து நின்றுவிடும். அந்த நேரத்தில் கொள்ளையடித்துவிடலாம். ஒரு நாள் பெட்ரோல் நிலைய ஊழியராக இருந்த ஒரு பிணம் வானத்தைப் பார்ப்பதை நிறுத்துகிறது. நல்ல யோசனை, ஆனால் படம் தன் கருத்தைக் கையில் பலகையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பழைய மால் படத்தின் நமநமப்பு இதில் இல்லை.

கீழிருந்து வரும் பயத்துக்கு வருவோம். 'தி டெக்சஸ் செயின் சா மசாக்கர்' (1974) நகரத்து இளைஞர்கள் கிராமப்புறத்து மனிதக்கறிக் குடும்பத்திடம் மாட்டிக்கொள்ளும் கதை. ஏழை நாட்டுப்புறத்தான் என்றாலே மிருகம் என்ற நகரத்து நினைப்பை இந்தப் படமும் தின்றுதான் கொழுத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் வழியில் வண்டியில் ஏறும் ஆள் பேசுவதைக் கவனித்துக் கேளுங்கள். அவன் குடும்பமே இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தது. முன்பெல்லாம் சம்மட்டியால் அடிப்பார்கள், அதுதான் நல்ல முறை, இப்போது துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வந்துவிட்டது, ஆட்களுக்கு வேலை போய்விட்டது என்கிறான். தலைமுறை தலைமுறையாகக் கொல்வதற்குப் பழக்கப்படுத்திவிட்டு, ஒரு நாள் எந்திரம் வந்ததும் வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டால் கைப்பழக்கம் எங்கே போகும்? இயக்குநர் டோப் ஹூப்பர் இதை விளக்கிக்கொண்டு நிற்பதில்லை. அந்த ஆள் பைத்தியம் போலப் பேசுகிறான், வண்டியில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது.

வேலைக்கார ஆளைக் கண்டு பயப்படும் வீட்டுக்கு இலக்கணம் கொரியாவில் கிம் கி-யங் 1960இல் எடுத்த 'தி ஹவுஸ்மெய்ட்'. பியானோ வாத்தியார் ஒருவர் மாடி வீடு கட்டுகிறார். அதற்காக மனைவி தையல் எந்திரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாள். அவளால் முடியாமல் போனதால் வேலைக்கு ஒரு பெண் வருகிறாள். அப்புறம் எலி மருந்து, மாடிப்படி, சாவு. மேலோட்டமாகப் பார்த்தால் வேலைக்காரப் பெண்தான் பேய். ஆனால் அவளை வரவழைத்தது மாடி வேண்டும் என்ற ஆசை. அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கித்தான் பாங் ஜூன்-ஹோ 2019இல் 'பாரசைட்' படத்துக்கு வந்து சேர்ந்தார். கிம் கி-யங்கின் படம் தனக்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

'பாரசைட்' திகில் படமா என்று வாதாடலாம். அதில் ஒரு பேய்க்கதை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. பணக்கார வீட்டுச் சிறுவன் தன் பிறந்தநாள் இரவில் சமையலறையில் உட்கார்ந்து கேக் தின்கிறான். நிலவறைப் படிக்கட்டின் இருட்டிலிருந்து இரண்டு கண்கள் மெல்ல எழும்புகின்றன. பையனுக்கு வலிப்பு வந்துவிடுகிறது. வீட்டில் பேய் இருந்தால் பணம் சேரும் என்பார்களே, நமக்கும் அப்படித்தான் ஆயிற்று என்று பின்னால் அவன் அம்மா பேச்சுவாக்கில் சொல்கிறாள். அந்தப் பேய் யார் என்றால், கேக் கடை வைத்து நொடித்துப்போய், கந்துவட்டிக்காரர்களுக்குப் பயந்து நிலவறையில் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும் ஆள். பசித்து மேலே வந்திருக்கிறார், அவ்வளவுதான். வீட்டுக்காரர்களுக்குத் தங்களுக்குக் கீழே ஒரு மனிதர் வாழ்வதே தெரியாது. இதைவிடச் சுருக்கமாகப் பேயின் பொருளாதாரத்தை யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மேல்மாடிக்குப் பேய், நிலவறைக்குப் பசி, இரண்டும் ஒரே ஆள்.

இதே போல் சுவரின் இரண்டு பக்கத்தையும் காட்டும் படம் 'கேண்டிமேன்' (1992). ஆராய்ச்சி மாணவி ஹெலன், சிகாகோவில் கப்ரினி-கிரீன் என்ற அரசுக் குடியிருப்பில் உலவும் பேய்க்கதையைத் தேடிப் போகிறாள். அங்கே கொலையாளி குளியலறைக் கண்ணாடி அலமாரி வழியாக வந்ததாகச் சொல்கிறார்கள். ஹெலன் தன் வீட்டுக்கு வந்து தன் குளியலறை அலமாரியைக் கழற்றிப் பார்க்கிறாள். அந்தப் பக்கம் வெறும் ஓட்டை, அடுத்த வீட்டு அலமாரியின் முதுகு. அவளுடைய விலையுயர்ந்த அடுக்குமாடியும் ஏழைகளுக்கான குடியிருப்பாகக் கட்டப்பட்டதுதான். வசதியான வட்டாரத்துக்கும் அதற்கும் நடுவே தடுப்பாக நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ இல்லை என்று பிறகுதான் உறைத்திருக்கிறது. சிமெண்ட் கல் மேல் பூச்சு பூசி நல்ல விலைக்கு விற்றுவிட்டார்கள். வரைபடம் ஒன்று, சுவர் ஒன்று, ஓட்டையும் ஒன்று, வாடகை மட்டும் வேறு. குடியிருப்பில் இரண்டு பேர் கொலையானபோது யாரும் அசையவில்லை, ஒரு வெள்ளைக்காரப் பெண் அடிபட்டதும் மொத்த இடத்தையும் அடைத்துத் தேடுகிறார்கள் என்று ஹெலனே சொல்கிறாள். கப்ரினி-கிரீனின் கடைசி உயர்மாடிக் கட்டடத்தை 2011இல் இடித்துவிட்டார்கள். படம் இன்னும் இருக்கிறது.

கடனே நேரடியாகப் பேயாக வரும் படங்களும் உண்டு. சாம் ரெய்மியின் 'டிராக் மீ டு ஹெல்' 2009இல், வீட்டுக்கடன் நெருக்கடியின் சூடு ஆறாத நேரத்தில் வந்தது. வங்கியில் கடன் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் ஒரு கிழவி தவணைக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டு மண்டியிடுகிறாள். கொடுக்கலாம், அதிகாரம் இருக்கிறது. ஆனால் காலியாகக் கிடக்கும் உதவி மேலாளர் நாற்காலி கண்ணில் படுகிறது. அவள் மோசமானவள் இல்லை, பதவி உயர்வு வேண்டும், அவ்வளவே. சாபம் வங்கிக்குப் போகாமல் மேசையில் உட்கார்ந்திருந்தவள் தலையில் விழுகிறது. அநியாயம்தான். அலுவலகங்களில் நடப்பதும் அப்படித்தான். ஹாங்காங் படமான 'டிரீம் ஹோம்' (2010) இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடல் தெரியும் வீட்டுக்கு ஆசைப்படும் பெண், விலையைக் குறைக்க அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களைக் கொன்று தள்ளுகிறாள். ரத்தம் கொஞ்சம் அதிகம், எல்லோராலும் உட்கார்ந்து பார்க்க முடியாது.

பாக்கியைக் கேட்டு வரும் பேய்களில் எனக்குப் பிடித்தது மாட்டி டியோப் எடுத்த 'அட்லாண்டிக்ஸ்' (2019). செனகல் தலைநகர் டகாரில் ஒரு பெரிய கோபுரம் எழும்புகிறது. கட்டும் இளைஞர்களுக்குப் பல மாதமாகக் கூலி இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஐரோப்பாவுக்குப் படகேறுகிறார்கள், கடலில் மூழ்கிப் போகிறார்கள். பிறகு இரவுகளில், மூழ்கியவர்களின் ஆவி புகுந்து, அந்த ஊர்ப் பெண்களின் கண் வெள்ளையாகிறது. நடந்து போய் முதலாளி வீட்டுக்குள் உட்கார்கிறார்கள். கத்தவில்லை, கழுத்தை நெரிக்கவில்லை. எங்கள் சம்பளம் எங்கே என்று கேட்கிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்ட பிறகும் விடாமல், முதலாளியை இடுகாட்டுக்குக் கூட்டிப்போய் மண்வெட்டியைக் கொடுத்து எங்களுக்குக் குழி வெட்டு என்கிறார்கள். ஒருவேளை அந்த ஆள் வாழ்நாளில் செய்த முதல் உடல் உழைப்பு அதுவாகத்தான் இருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, சமீபத்தில் அலையலையாக வரும் பணக்காரர்களைப் பந்தாடும் படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 'தி மெனு' (2022) படத்தில் ஒரு தீவு உணவகம், தலைக்கு 1,250 டாலர் கட்டணம், பசியே இல்லாத விருந்தினர், வெறுத்துப்போன சமையல்காரர். நன்றாகச் சிரித்தேன். ஆனால் அப்படி ஒரு தீவுக்குப் படகேறப் போகிறவர் நம்மில் யார்? திரையில் எரிபவர்கள் எல்லாம் வேறு யாரோ. சிரித்து முடித்து, கை தட்டிவிட்டு, நிம்மதியாக வெளியே வந்துவிடலாம். 'ரெடி ஆர் நாட்' (2019) பணக்காரக் குடும்பத்துக்கு மருமகளாகப் போன பெண்ணை, கல்யாண இரவிலேயே வேட்டையாடும் கதை. அந்த இரவில் மூன்று வேலைக்காரப் பெண்கள் குறி தவறியும் விபத்திலும் சாகிறார்கள். குறி தவறிக் கொன்ற அந்த வீட்டு மகள், எனக்கே ஏன் இப்படி நடக்கிறது என்று அழுகிறாள். நல்ல பகடிதான். ஆனால் படமும் அந்த மூவரையும் நகைச்சுவைக்குப் பயன்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறது. வீட்டுக்காரர்களைக் குற்றம் சொல்லும் படமே வேலைக்காரர்களை அதே கண்ணோடு பார்த்தால் என்ன செய்வது? 'ஒயிட் ஜாம்பி' ஆலையில் விழுந்த ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

இதற்கு மாறாக, 'பார்பேரியன்' (2022) படத்தில் ஒரே ஒரு காட்சி போதும். டெட்ராய்ட் நகரில் வாடகை வீடு வைத்திருக்கும் நடிகன் ஒருவன், காசு முடை காரணமாக அதை விற்க வருகிறான். நிலவறைச் சுவருக்குப் பின்னால் ரகசியக் கதவு. உள்ளே அழுக்குக் கட்டில், கேமரா, அதற்கும் கீழே இருண்ட சுரங்கம். ஏற்கெனவே ஒரு பெண் இங்கே இறங்கிக் கதிகலங்கியதைப் பார்த்த நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அவனோ மாடிக்குப் போய், நிலவறையின் பரப்பை விற்பனையில் கணக்குக் காட்டலாமா என்று இணையத்தில் தேடுகிறான். அப்புறம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கி, சித்திரவதை நடந்த அறையை உற்சாகமாக அளக்கிறான். அரங்கமே வெடித்துச் சிரிக்கும் இடம் இது. சிரித்தபடியே நானும் மனத்துக்குள் சதுர அடி கணக்குப் போட்டேன் என்பதை மறைக்கவில்லை.

ஜோர்டன் பீல் 'கெட் அவுட்' (2017) படத்தில் குறிவைத்தது நல்ல பிள்ளைகளாகப் பேசும் வசதியான வெள்ளையர்களை. 45 லட்சம் டாலரில் எடுத்து 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அவரே அடுத்து எடுத்த 'அஸ்' (2019) அவ்வளவு கச்சிதமான படம் இல்லை, ஓட்டைகள் நிறைய. ஆனால் அது குறிவைப்பது பார்வையாளர் உட்கார்ந்திருக்கும் இருக்கையை. ஒரு நடுத்தரக் குடும்பம் விடுமுறைக்குப் போகிறது. நண்பர் வீட்டுப் படகைப் பார்த்துப் பொறாமைப்படும் அப்பா, தானும் ஓர் ஓட்டைப் படகு வாங்கி வைத்திருக்கிறார். இரவில் சிவப்பு உடுப்பில், கையில் கத்தரிக்கோலோடு நான்கு பேர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். அச்சு அசல் இவர்களே. பணப்பை வேண்டுமா, வண்டி வேண்டுமா, படகை எடுத்துக்கொள்கிறீர்களா என்று பேரம் பேசுகிறார் அப்பா. நீங்கள் யார் என்று கேட்டால், "நாங்கள் அமெரிக்கர்கள்" என்று பதில். நாட்டுக்கடியில் சுரங்கங்களில் வாழும் நிழல் மனிதர்கள் அவர்கள். மேலே இருப்பவள் சூடாக நல்ல சாப்பாடு சாப்பிடும்போது, கீழே இருப்பவள் பச்சையாக முயல் தின்றிருக்கிறாள். மேலே குழந்தைக்கு மெத்தென்ற பொம்மை, கீழே விரலை அறுக்கும் பொம்மை. மேலே இருக்கும் அம்மா சிறுமியாக இருந்தபோதே கீழிருந்து வந்து இடம் மாறிக்கொண்டவள் என்பது கடைசியில் தெரிகிறது. இத்தனை நேரமும் நாம் காப்பாற்றத் துடித்த அம்மா அந்த நிழல்தான்.

படத்தின் கடைசியில் சிவப்பு உடுப்புக்காரர்கள் கைகோத்து மலை தாண்டி நீள நிற்கிறார்கள். இது பீல் சும்மா யோசித்த காட்சி இல்லை. 1986 மே 25 அன்று அமெரிக்காவில் பசித்தவர்களுக்கும் வீடற்றோருக்கும் நிதி திரட்டுவதற்காக, கடற்கரையிலிருந்து கடற்கரை வரை மனிதச் சங்கிலி என்று ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்தினார்கள். சங்கிலியில் ஓர் இடத்துக்கு 10 டாலர். பல லட்சம் பேர் கைகோத்தார்கள். சுமார் 34 மில்லியன் டாலர் சேர்ந்தது, செலவு போக ஏழைகளுக்குப் போனது ஏறத்தாழ 15 மில்லியன். அதன் விளம்பரம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடுவதோடுதான் 'அஸ்' தொடங்குகிறது. சுரங்கத்துக்குள் சிக்கிக்கொண்ட சிறுமி மேலுலகத்தைப் பற்றிய கடைசி ஞாபகமாக எடுத்துப்போனது அதைத்தான்.